வாகாஷி செய்து பார்க்க ஆசையா? மிசு யோகானில் தொடங்குங்கள்

வாகாஷி, அதாவது தேநீரோடு பரிமாறும் ஜப்பானிய மரபு இனிப்பு என்று தேடினால், செர்ரிப் பூவும் மேப்பிள் இலையுமாகக் கையில் வடித்த நெரிகிரி படங்கள்தான் முதலில் வந்து நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த இதழ்களைக் கீறுவதற்கே தனிப் பயிற்சி வேண்டும். முதல் தடவைக்கு மிசு யோகான் போதும். பயறு விழுதை அகர் அகர் என்கிற கடற்பாசிப் பொருளால் உறையவைத்துத் துண்டு போடும் இனிப்பு இது. பயறு, சர்க்கரை, அகர் அகர், தண்ணீர், அவ்வளவுதான். வேலையும் கஷ்டமில்லை. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு வரும் சில நிமிடங்களில் கவனம் தவறினால் எல்லாம் கெட்டுவிடும். அந்த இடம் வரும்போது விரிவாகச் சொல்கிறேன்.

யோகானில் கெட்டியாகக் கிண்டிச் செய்வது நெரி யோகான். சர்க்கரை அதிகம் என்பதால் மாதக்கணக்கில் கெடாது. கியோத்தோவில் தொடங்கி 1869இல் தோக்கியோவுக்கு வந்த தோராயா கடையின் பெயர்பெற்ற இனிப்பு இதுதான். மிசு யோகானில் தண்ணீர் கூடுதல், இனிப்பு குறைவு, வாயில் வைத்ததும் வழுக்கும். ஜப்பானில் பொதுவாகக் கோடைக்கானது. ஃபுகுய் பகுதிக்காரர்கள் மட்டும் குளிர்காலத்தில் சாப்பிடுகிறார்கள்.

தேவையானவை

அசுகி பயறு 150 கிராம்
சர்க்கரை 130 கிராம்
அகர் அகர் தூள் 3 கிராம்
தண்ணீர் 300 மில்லி (வேகவைக்க, கழுவ ஆகும் தண்ணீர் தனி)
உப்பு ஒரு சிட்டிகை

அசுகி கிடைக்காவிட்டால் சிவப்புக் காராமணி போடலாம். தோக்கியோ பக்கத்தில் செகிஹான் என்கிற சிவப்புச் சோற்றுக்குக் காராமணி போடும் வழக்கமே உண்டு. வெந்ததும் அசுகியின் தோல் வெடிப்பது, சாமுராய்கள் வயிற்றைக் கிழித்துக்கொள்வதை நினைவூட்டியதாம்! அகர் அகர்தான் நம் மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று விற்பது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இதைத் தயாரிக்கிறார்கள். தூளாக இல்லாமல் இழையாகக் கிடைத்தால் 6 கிராம் எடுத்து, அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள்.

1. பயறை வேகவைத்தல்

பயறு மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். ஐந்து நிமிடம் கொதித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். துவர்ப்பு அதோடு போய்விடும். புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் நன்றாகக் குழைய விடுங்கள். விசில் கணக்கு குக்கருக்குக் குக்கர் மாறும், அதை நம்ப வேண்டாம். ஒரு பயறை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும். இந்தக் கட்டத்தில் சர்க்கரை சேர்க்காதீர்கள், பயறு விறைத்துவிடும்.

2. தோல் நீக்கி விழுதாக்குதல்

வெந்த பயறைச் சல்லடையில் போட்டு, தண்ணீர் விட்டுவிட்டுத் தேயுங்கள். மாவு கீழே இறங்கும், தோல் மேலே நிற்கும். மாவுத் தண்ணீரைக் கால் மணி நேரம் தெளிய விட்டு, மேல் தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றித் தெளிய விடுங்கள். பிறகு மெல்லிய துணியில் கட்டி இறுகப் பிழியுங்கள்.

பிழிந்த மாவோடு சர்க்கரை சேர்த்து மிதமான தீயில் கிண்டுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரிய வேண்டும், அதுதான் பதம். விழுது தெறிக்கும், கையில் பட்டால் சுடும், நீளமான கரண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உப்பு. இந்த விழுதுக்குப் பெயர் கோஷி ஆன். பெரும்பாலான வாகாஷிக்கு இதுதான் அடிப்படை.

3. அகர் அகர் கரைத்தல்

300 மில்லி பச்சைத் தண்ணீரிலேயே தூளைப் போட்டுக் கலக்கி, பிறகு அடுப்பை ஏற்றுங்கள். கொதி வந்த பின்னும் 2 நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். சரியாகக் கரையாவிட்டால் உறையும்போது திட்டுத்திட்டாக நிற்கும். இப்போது பயறு விழுதைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்.

4. ஆறவைத்தல்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. சூடாகவே அச்சில் ஊற்றினால், உறைவதற்கு முன் கனமான பயறு மாவு அடியில் இறங்கி, கீழே சேறு, மேலே கண்ணாடி என்று இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். அகர் உறையத் தொடங்குவது 40 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அதற்குள் ஊற்றிவிடவும் வேண்டும். ஆக, 45 முதல் 50 டிகிரிக்குள் ஊற்றுவதுதான் கணக்கு.

அகலமான தட்டில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தை அதில் வையுங்கள். அடியும் ஓரமும் வழித்து மெதுவாகக் கிளறிக்கொண்டே இருங்கள். வேகமாக அடித்தால் நுரை கட்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், கலவை கொஞ்சம் கனத்து, பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் கை தாங்கும் சூட்டில் இருப்பதைப் பார்த்து ஊற்றுங்கள். ஓரத்தில் உறைந்துவிட்டதா? பதற வேண்டாம். மறுபடி அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்தால் கரைந்துவிடும், திரும்ப ஆறவைக்கலாம்.

5. அச்சில் ஊற்றி வெட்டுதல்

சதுரமான எவர்சில்வர் டப்பாவின் உட்புறத்தைத் தண்ணீரால் நனைத்துவிட்டு ஊற்றுங்கள், எண்ணெய் தடவ வேண்டாம். வெளியிலேயே உறையும். அப்புறம் 2 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, நனைத்த கத்தியால் துண்டு போடுங்கள்.

தேநீர்ச் சடங்கில் இனிப்பைக் கடித்துக்கொண்டே குடிப்பதில்லை. முதலில் இனிப்பைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, அந்தத் தித்திப்பு நாவில் இருக்கும்போதே கசப்பான மாட்சாவை, அதாவது பச்சைத் தேயிலைத் தூளில் கலக்கிய தேநீரைக் குடிப்பார்கள். வீட்டில் சென்சா போன்ற சாதாரண பச்சைத் தேநீரே போதும். பால் டீயோடு மட்டும் வேண்டாம், இரண்டும் இனிப்பாகி யோகானின் ருசி தெரியாமல் போகும்.

மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் 2 நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்து உருகினால் அகர் தண்ணீரைக் கக்கிப் பஞ்சாகிவிடும். ஜப்பானில் இந்த அகரைக் காய்ந்த பொருளாக்கியதே அப்படித்தான் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் கியோத்தோவின் ஃபுஷிமியில் ஒரு விடுதிக்காரர், மிஞ்சிய கடற்பாசிக் கூழைக் குளிர்கால இரவில் வெளியே போட, அது உறைந்து, உருகி, காய்ந்து சக்கையானது. அதை மறுபடி கொதிக்க வைத்தபோது கடல்வாடை போன, இன்னும் தெளிவான கூழ் கிடைத்ததாம்.