பிளாட் வட்டியா? 1.8-ஆல் பெருக்குங்கள்

கடனுக்கு ‘பிளாட் வட்டி 12%’ என்று சொன்னால், அதை 1.8-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 21 முதல் 22% வரும். வங்கி சொல்லும் வட்டியோடு ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றப் பழைய பிக்கப் வண்டி எடுக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மாதாமாதம் தவணை கட்டக் கட்ட அசல் குறைகிறது; சராசரியாகப் பாதிக்குச் சற்று மேல்தான் நம் கையில் இருக்கும். பிளாட் கணக்கிலோ கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி. 1 லட்சம், 3 வருடம், 12% என்றால் பிளாட்டில் வட்டி 36,000 ரூபாய். வங்கிபோல் குறையும் அசலுக்கு மட்டும் போட்டால் சுமார் 19,570 ரூபாய்தான். வித்தியாசம் சின்னதல்ல!

ஒன்று முதல் மூன்று வருடக் கடனுக்கு இது சரியாக வரும். ஐந்து வருடம் என்றால் 1.7 போதும். அசலை முடிவில் மொத்தமாகக் கட்டும் நகைக்கடனுக்கு இந்தப் பெருக்கல் வேண்டாம், அங்கே 12 என்றால் 12தான். செயலாக்கக் கட்டணம், காப்பீடு எல்லாம் இதில் சேராது, அவற்றைத் தனியாகக் கேளுங்கள்.