கால் வீங்கினால் வடிகாலைப் பாருங்கள்

வயலுக்குத் தண்ணீர் வர ஒரு வாய்க்கால், மிஞ்சியது போக ஒரு வடிகால். வடிகால் தூர்ந்தால் சம்பா அழுகும் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பிலும் இதே ஏற்பாடுதான். இரத்தத் தந்துகிகளிலிருந்து கசியும் திசுநீர் செல்களுக்கு உணவும் ஆக்சிஜனும் கொண்டுபோகிறது. இரத்தத்துக்குத் திரும்பாத மிச்சம், புரதத்தையும் சேர்த்துக்கொண்டு, நிணநீர்க் குழாய்களில் இறங்குகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர். நிணநீர் முடிச்சுகளில் வடிகட்டப்பட்டு, கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் போய்க் கலக்கிறது.

வாய்க்கால் கணக்கு ஓரிடத்தில் மட்டும் ஒத்துவராது. இங்கே நீர் பாதத்திலிருந்து மேலேற வேண்டும், இதயம் மாதிரி மோட்டாரும் இல்லை. குழாய்ச் சுவர் தானே சுருங்கியும், கெண்டைக்கால் தசை பிழிந்தும்தான் நீரைத் தள்ளுகின்றன. இறங்கிவிடாமல் தடுக்க உள்ளே ஒருவழி வால்வுகள் உண்டு.

கியூலெக்ஸ் கொசு பரப்பும் யானைக்கால் புழு குடியிருப்பது இந்தக் குழாய்களில்தான். குழாய் விரிந்து வால்வு கெட, நீர் தேங்கும். அதில் கிருமி புகுந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர்காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் வடிகால் இன்னும் தூரும். அரசு தரும் டிஇசி மாத்திரை இரத்தத்தில் உள்ள புழுக்குஞ்சுகளை ஒழிக்கும், வீங்கிய காலைச் சுருக்காது. அதற்குத் தினப்படி பராமரிப்புதான்.

1. முன்னங்கால் எலும்பின்மேல் கட்டைவிரலால் 10 வினாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்தால் நீர் தேங்கியிருக்கிறது. நாள்பட்டுத் தோல் தடித்த காலில் குழி விழாமலும் போகலாம். இரண்டு காலும் ஒரே அளவு வீங்கியிருந்தால் இதயம், சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம்; முதலில் மருத்துவர்.

2. விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள். கிருமி நுழையும் வாசல் பெரும்பாலும் சேற்றுப்புண்தான். நடவு நேரத்தில் தினமும் பார்க்கவேண்டும்.

3. சாதாரணச் சோப்பே போதும். வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். முழங்காலிலிருந்து பாதம்வரை, தோல் மடிப்புகளுக்குள்ளும் கையால் கழுவுங்கள். பிரஷ், பீர்க்கங்கூடு கூடாது. கீறல் விழுந்தால் கழுவியதே வீண்.

4. மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: விரலிடுக்கில் ஈரம் நின்றால் பூஞ்சை வந்துவிடும். இடுக்கு வெளுத்து அரித்தால் பூஞ்சைக் களிம்பு, வெடிப்புக்கு மருத்துவர் சொல்லும் மருந்து.

5. உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் பிழிவது இப்படித்தான். இரவில் கட்டிலின் கால்பக்கம் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தலாம். இதய நோயாளிகள் கேட்காமல் செய்யவேண்டாம்.

கால் சிவந்து, சுட்டு, காய்ச்சல் வந்த நாட்களில் பயிற்சியை நிறுத்துங்கள். ஈரத்துணி போட்டுக் காலை உயர்த்தி வைத்து, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கொப்புளத்தைக் குத்தாதீர்கள், சூடு ஒத்தடமும் தராதீர்கள்.