மெலடிக் ராக் விழாவுக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: அரங்கு ஏன் நிறைவதில்லை?

பிற்பகல் இரண்டு மணி. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் நிற்கக்கூடிய அந்த அரங்கில் எழுபது, எண்பது பேர்தான் ஆங்காங்கே நின்றிருந்தோம். ஸ்வீடனிலிருந்து வந்திருந்த ஓர் இளம் குழு, அரங்கு நிரம்பி வழிகிறது என்று நினைத்துக்கொண்டது போல முழு மூச்சோடு வாசித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பாடலின் பல்லவி வந்ததும் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். முன்வரிசையிலிருந்து ஏழெட்டுக் குரல்கள் மட்டும் எழுந்தன. அவர் அரை நொடி காத்திருந்தார்; பிறகு மைக்கைத் தன் வாய்க்கே திருப்பி, விட்ட இடத்திலிருந்து தானே பாடி முடித்தார். அதே அரங்கு இரவு ஒன்பது மணிக்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஏழு மணிக்குப் பிறகு வந்து சேர்ந்த பலருக்கு, பிற்பகலில் வாசித்தவர்கள் யார் என்பதே தெரிந்திருக்கவில்லை. இங்கிலாந்து நகரம் ஒன்றில் நான் நேரில் கண்ட இந்தக் காட்சி, மெலடிக் ராக் இசைக்காக நடக்கும் விழாக்களில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. கூட்டம் வரவில்லை என்று வருந்துகிற ரசிகர்களாகிய நாமும் அதற்கு ஒரு பங்கு காரணம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மெலடிக் ராக் என்பது கிட்டாரின் வலிமையோடு, எளிதில் மனத்தில் தங்கும் மெட்டும் அடுக்கடுக்கான கூட்டுக்குரல்களும் கீபோர்டின் நிறைவும் சேர்ந்த இசை. ஏஓஆர் (அடல்ட் ஓரியன்டட் ராக்) என்ற பெயரும் இதற்கு உண்டு. 1976இல் பாஸ்டன் குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்ததிலிருந்து, ஃபாரினர், ஜர்னி, டோட்டோ, சர்வைவர் போன்ற குழுக்கள் வழியாக, 1980களின் இறுதிவரை அமெரிக்க வானொலிகளில் இந்த இசை கோலோச்சியது. 1991இல் நிர்வாணா என்ற குழுவும் சியாட்டில் நகரத்துக் கிரஞ்ச் ராக் குழுக்களும் எழுந்த பிறகு பெரிய இசை நிறுவனங்கள் இதைக் கைவிட்டன. அதன் பின் இதைக் காப்பாற்றி வைத்தவை பெரும்பாலும் ஐரோப்பாவின் சிறு நிறுவனங்களும் சிறு விழாக்களும்தான். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1996இல் தொடங்கப்பட்ட ஃப்ரான்டியர்ஸ் நிறுவனம், 2014 முதல் மிலான் அருகேயுள்ள ட்ரெட்ஸோ சுல்லாத்தா என்ற சிற்றூரில் தன் விழாவை நடத்தத் தொடங்கியது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரிலுள்ள ராக் சிட்டி அரங்கில் பல ஆண்டுகள் நடந்த ஃபயர்ஃபெஸ்ட் விழா, அதே 2014ஆம் ஆண்டின் அக்டோபரில் அந்த அரங்கிலிருந்து விடைபெற்றது. இரண்டு நாள், மூன்று நாள் நடக்கும் இவ்வகை விழாக்களை நம்பி வருகிறவர்கள் சில நூறு பேர், மிஞ்சினால் ஓரிரண்டாயிரம் பேர். இவ்வளவு சிறிய வட்டத்தில், ஒருவர் வருவதும் வராததும் கணக்கில் உடனே தெரிந்துவிடும்.

பாடலின் புகழை விழாவின் பலமாக எண்ணிக்கொண்டு போவது முதல் தவறு. ஜர்னி 1981இல் பாடிய ஒரு பாடல் ஸ்பாட்டிஃபையில் நூறு கோடி முறைக்கு மேல் கேட்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பாடலைக் கேட்கும் பெரும்பாலோருக்கு அது திருமண விருந்திலும் விளையாட்டு மைதானத்திலும் ஒலிக்கும் ஒரு பழைய பாடல், அவ்வளவே. அதே வகையில் இன்று பாடுகிற ஒரு குழுவைத் தேடி அவர்கள் ரயிலேறப் போவதில்லை. ஸ்வீடன் ராக் விழாவில் நாளொன்றுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே ஹெவி மெட்டல், ப்ளூஸ், பழைய ஹார்ட் ராக் எல்லாம் ஒரே மைதானத்தில் கலந்து ஒலிக்கின்றன. மெலடிக் ராக் அந்தப் பந்தியில் ஒரு பதார்த்தம் மட்டுமே. அந்தக் கூட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு உள்ளரங்க விழாவுக்குள் நுழைகிறவருக்கு, எழுநூறு பேர் மகிழ்ச்சியாக நிற்கும் அரங்கும் ஏமாற்றமாகத்தான் தெரியும்.

இரண்டாவது தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது என்பேன். அது, டிக்கெட்டைக் கடைசி வாரம்வரை வாங்காமல் இருப்பது. டிக்கெட் எப்படியும் மிச்சமிருக்கும், அதற்குள் என்ன அவசரம் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் அமைப்பாளர் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. அரங்கின் வாடகையில் ஒரு பகுதியும் குழுக்களின் சம்பளத்தில் ஒரு பகுதியும், பல வேளைகளில் சரிபாதியும், மாதக்கணக்கில் முன்பே கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வருகிறதென்றால் விமான டிக்கெட், பயண அனுமதிக்கான ஆவணங்கள், தங்கும் அறைகள், விழா நடக்கும் நாட்டிலேயே வாடகைக்கு எடுக்கும் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபையர்களும் என்று செலவு முன்கூட்டியே ஓடிவிடுகிறது. இங்கிலாந்தில் வாசிக்கும் வெளிநாட்டுக் கலைஞரின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால், 20 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவதும் பணம் கொடுப்பவரின் பொறுப்பு. சம்பளம் டாலரில், டிக்கெட் விற்பனையோ பவுண்டில் அல்லது யூரோவில். இடையில் மாற்று விகிதம் சற்றே சரிந்தாலும் இருக்கிற சிறு லாபம் காணாமல் போகும்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: செலவு முழுவதையும் ஈடுகட்ட 900 டிக்கெட் விற்க வேண்டும், விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு 550 விற்றிருக்கிறது. வருவதாக மனத்துக்குள் முடிவு செய்துவிட்டு வாங்காமல் இருக்கும் 400 பேரை அமைப்பாளரால் பார்க்க முடியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது 550 என்ற எண் மட்டும்தான். அந்த எண்ணை வைத்துத்தான் மீதிச் சம்பளத்தைக் கொடுப்பதா, ஒரு குழுவைக் கைவிடுவதா, சிறிய அரங்குக்கு மாற்றுவதா, விழாவையே ரத்து செய்வதா என்று அவர் முடிவெடுக்கிறார். ஒரு குழு கைவிடப்பட்டது என்ற செய்தி வந்ததும், காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் இனிமேல் எதற்கு வாங்க வேண்டும் என்று விலகிவிடுகிறார்கள். இப்படித்தான் நல்ல விழா ஒன்று, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே, மெல்ல மெல்லக் கரைகிறது. போக முடிவெடுத்தவர்கள் அன்றே வாங்கிவிடுங்கள். பணம் போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. அதற்கு வழி, விழா ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா, நாம் போக முடியாவிட்டால் பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாமா என்ற விதிகளை வாங்கும்போதே படித்துப் பார்ப்பது. காத்திருப்பதால் அந்த அச்சம் தீராது.

இரவின் முதன்மைக் குழுவுக்காக மட்டும் வருவதைப் பலர் தவறாகவே கருதுவதில்லை. காசு கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் இந்த இசைக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. காலியான அரங்கு, நிறைந்த அரங்கைப் போல ஒலிப்பதில்லை. மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்கின்றன. கூட்டம் இல்லாதபோது சிமென்டுத் தரையிலும் பின்சுவரிலும் மோதித் திரும்பும் ஒலி, அடுத்த சொல்லின் மேல் வந்து விழுகிறது. இரைச்சலையே அழகாகக் கொண்ட இசை வகைகளுக்கு இது பெரிய கேடில்லை. மெலடிக் ராக்கின் உயிரோ மூன்று, நான்கு குரல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அமரும் கூட்டுக்குரலில் இருக்கிறது. அந்தக் குரல்களுக்கு இடையிலான நூலிழை வேறுபாட்டை எதிரொலி அழித்துவிட்டால், கீபோர்டும் குரலும் கிட்டாரும் ஒரே குழம்பாகிவிடும். பிற்பகலில் வாசித்த குழு சுமாராக இருந்தது என்று நாம் சொல்லும்போது, பல நேரம் அது குழுவின் குறையாக இருப்பதில்லை. நாம் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்ததன் குறை அது.

பல்லவிகளும் அப்படித்தான். கூட்டம் சேர்ந்து பாட வேண்டும் என்றே அவை எழுதப்படுகின்றன. பதிலுக்குக் குரல் வராத பல்லவி பாதிப் பாட்டுதான். ஆகவே விழாவுக்கு முந்தைய வாரத்தில், பெயர் தெரியாத குழுக்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு பாடல்களையாவது கேட்டுவிட்டுப் போவது நல்லது. பல்லவியின் இரண்டு வரி தெரிந்திருந்தாலே அந்த நாற்பத்தைந்து நிமிடம் நமக்கும் மேடையில் இருப்பவர்களுக்கும் வேறொன்றாகிவிடும்.

பயணத்தில் செய்யும் பிழைகளும் கூட்டத்தைக் குறைக்கின்றன. நாட்டிங்காமிலிருந்து லண்டனுக்கு இரவே திரும்பிவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டி, முதன்மைக் குழுவின் பாதியிலேயே வெளியேற நேரிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நிலைமை இன்னும் மோசம். அக்டோபர் தொடக்கத்தில் அந்நகரில் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் கூஸ் ஃபேர் சந்தையும் கூடுவதால், அந்த நாள்களை ஒட்டி விழா அமைந்தால் விடுதி அறையை முன்பே பிடித்துவிட வேண்டும். ட்ரெட்ஸோவில் சிக்கல் வேறு விதமானது. மிலான் விழா என்று பேச்சில் சொன்னாலும் அந்த ஊரில் ரயில் நிலையமே கிடையாது. மிலான் மெட்ரோவின் இரண்டாம் பாதையில் கடைசி நிலையமான ஜெஸ்ஸாத்தே வரை போய், அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். நள்ளிரவில் திரும்ப அந்த வழி உதவாது. ஊரிலேயே தங்குவது அல்லது நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கார் எடுப்பது என்பதை டிக்கெட் வாங்கும் நாளிலேயே முடிவு செய்தால், இரண்டாம் நாள் பிற்பகலிலும் அரங்கில் ஆள் இருக்கும்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். 1985இல் பதினெட்டு வயதில் இந்த இசையைக் கேட்கத் தொடங்கியவர் இன்று அறுபதை நெருங்கியிருப்பார் அல்லது எட்டியிருப்பார். ஒரு நாளில் ஆறேழு குழுக்கள், பத்து மணி நேரம், பெரும்பாலும் நின்றபடி. அமர இடம் உண்டா, மாடத்தில் இருக்கை உண்டா, வெளியே சாப்பிட்டுவிட்டுத் திரும்ப அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளாதவர்கள் மூன்றாம் குழுவோடு களைத்து விடுதிக்குப் போய்விடுகிறார்கள். காதடைப்பான் வைத்துக்கொள்ளாதது இன்னொரு தவறு. 100 டெசிபல் ஒலியை ஒரு நாளில் ஏறக்குறைய 15 நிமிடத்துக்கு மேல் கேட்பது செவிக்கு ஆபத்து என்பது பணியிடப் பாதுகாப்புக்கான அமெரிக்கப் பரிந்துரை. இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்படும் காதடைப்பான்கள் ஒலியை மந்தமாக்காமல் அளவை மட்டும் குறைக்கின்றன. கூட்டுக்குரல்கள் அதில் இன்னும் தெளிவாகவே கேட்கின்றன.

அமைப்பாளர்கள் பக்கமும் தவறுகள் இல்லாமல் இல்லை. எழுநூறு பேர் வருவார்கள் என்ற நிலையில் இரண்டாயிரம் பேர் கொள்ளும் அரங்கை எடுத்துவிட்டு, பின்பாதியைக் கறுப்புத் திரையால் மறைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே எழுநூறு பேர் எண்ணூறு பேர் அரங்கில் நின்றிருந்தால் அது வெற்றி விழா. ஆண்டுதோறும் அதே குழுக்களைச் சுற்றிச் சுற்றி அழைப்பது. பழைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குப் புகழ் சேர்த்த பாடகர் இல்லாமல் வரும் குழுவை முதன்மையாகப் போடுவது. ஒரே மாதத்தில் பக்கத்து நாட்டில் நடக்கும் இன்னொரு விழாவோடு மோதுவது. நேர அட்டவணையை முந்தின நாள்வரை வெளியிடாமல் இருப்பது என்று அந்தப் பட்டியல் நீளும். இன்னொன்று நுட்பமானது. இந்த உலகில் பல ஆல்பங்கள், வெவ்வேறு நாடுகளில் இருக்கும் கலைஞர்கள் தத்தம் ஸ்டுடியோவில் பதிவு செய்து அனுப்பியதை ஒன்றுசேர்த்து உருவானவை. அப்படிப்பட்ட கூட்டணியோ, பல ஆண்டுகளுக்கு முன் கலைந்துபோன ஒரு குழுவோ ஒரே ஒரு முறை மேடையேறுகிறது என்றால் ஜப்பானிலிருந்தும் ரசிகர் வருவார். 2007 ஃபயர்ஃபெஸ்டில் எஃப்எம் என்ற பிரிட்டிஷ் குழு மீண்டும் ஒன்றுகூடி வாசித்ததும், அதன் பிறகு அந்தக் குழு நிலைத்துத் தொடர்ந்ததும் இத்தகைய அழைப்பின் பெருமை. ஆனால் தூரத்திலிருந்து வருகிறவர்களை மட்டுமே நம்பி, உள்ளூரில் ஒரு சுவரொட்டிகூட ஒட்டாமல் விடும்போது, நடந்தே வரக்கூடிய தொலைவில் இருக்கிற இளைஞருக்கு விழா நடப்பதே தெரியாமல் போகிறது.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குக் காலி அரங்கைக் கைபேசியில் படமெடுத்து, கூட்டமே இல்லை என்று எழுதிப் பரப்புவது மிகத் தீங்கானது. இரவில் என்ன நடந்தது என்று அந்தப் படம் சொல்லாது. அடுத்த ஆண்டு வரலாமா என்று யோசிப்பவரின் மனத்தில் அது மட்டுமே தங்கும். படம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் டி-சர்ட் விற்கும் மேசைப் பக்கம் போங்கள். சிறு குழுக்களுக்கு அன்றைய சம்பளத்தைவிட அந்த மேசையின் வருமானமே பெட்ரோலுக்கும் அறைக்கும் கைகொடுக்கிறது. நான் முதலில் சொன்ன குழுவின் பாடகர் அன்று மாலை ஆறு மணிக்கு அங்கேதான் நின்றிருந்தார். பல்லவியைப் பாடிய ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன் என்றதும் குறுந்தகட்டில் கையெழுத்திட்டுவிட்டு, எந்தப் பாடல் பிடித்தது என்று கேட்டார். நாங்கள் பேசி முடிக்கும்வரை அந்த மேசைக்கு வேறு யாரும் வரவில்லை.