கேனப்பிக்கு டேப் ஒட்டும்போது கை தவறும் இடங்கள்

ஜப்பானின் ஜீரோ போர் விமானத்தை, நிஜத்தில் 72-இல் ஒரு பங்கான 1/72 அளவில் பிளாஸ்டிக் மாடலாகக் கட்டிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கஷ்டமான பாகம் இறக்கையா, எஞ்சினா என்றால் இரண்டும் இல்லை என்பார்கள். விமானியின் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடிக் கூண்டுதான் ஆளைப் படுத்தும். கேனப்பி. முன்கண்ணாடி, பின்னால் தள்ளித் திறக்கும் நடுப்பகுதி, அசையாத பின்பகுதி, எல்லாவற்றிலும் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள். நிஜத்தில் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சட்டம் 1/72-இல் ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர். அந்தக் கோட்டுக்கு மட்டும் பெயின்ட் அடித்து, இடையிலுள்ள கண்ணாடியில் ஒரு பொட்டுகூடப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் கண்ணாடியை டேப்பால் மூடிவிட்டு அடிப்பது.

என் முதல் ஜீரோவில் நான் செய்த தவறு, சுவருக்கு பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை ஹார்டுவேர் கடையில் வாங்கி ஒட்டியது. டேப் என்றால் டேப்தானே என்று நினைத்தேன். அந்த டேப்பின் காகிதம் தடிமனானது, மேலெல்லாம் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு குட்டி வாய்க்கால், பெயின்ட் அதன் வழியாக உள்ளே போய்விடும். உரித்தபோது சட்டங்களின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருந்தது. மாடலுக்கென்றே வரும் டேப் ஜப்பானிய வாஷி வகைக் காகிதத்தில் செய்தது. மெல்லியது, பசை மிதமானது. ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் மஞ்சள் டேப் 6, 10, 18 மில்லிமீட்டர் அகலங்களில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஒரு சுருள் பல விமானங்களுக்கு வரும்.

நல்ல டேப் வாங்கியவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சுருளின் ஓரத்தை அப்படியே பயன்படுத்துவது. பெட்டிக்குள் உருண்டு, தூசியும் நாரும் ஒட்டி, அங்கங்கே நசுங்கிப்போன ஓரம் அது. பெயின்ட் கசிவது முழுக்க டேப்பின் ஓரத்தில் நடக்கிற விஷயம் என்பதால், என் கவனமெல்லாம் இப்போது அந்த அரை மில்லிமீட்டரில்தான். டேப்பை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, ஸ்டீல் ஸ்கேல் வைத்து, இரண்டு ஓரத்தையும் புது பிளேடால் சீவி எறிந்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன்.

டேப்பைத் தொடுவதற்கு முன்பே கேனப்பியைக் கெடுத்துவிடலாம். கண்ணாடி என்று நாம் சொன்னாலும் அது ஒளி ஊடுருவும் பாலிஸ்டைரீன். மற்ற பாகங்களைவிட நொறுங்கும் தன்மை அதிகம். பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து ஒட்ட வெட்டினால், வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக விரிசல் உள்ளே ஓடும். பிறகு எந்த பாலிஷும் அதைப் போக்காது. தள்ளி வெட்டிக்கொண்டு, மிச்சத்தை நகவெட்டி அரம் போல நைசான அரத்தால் தேய்த்து எடுங்கள். எஃப்-16 போன்றவற்றின் குமிழ்க் கேனப்பிகள் சிலவற்றில் உச்சியில் நெடுக, வார்ப்பு அச்சின் இணைப்பு விட்ட அச்சுக்கோடு ஒன்று இருக்கும். 1500, 2000, 4000 என்று உப்புத்தாளை நைசாக்கிக்கொண்டே போய், கடைசியில் பாலிஷ் காம்பவுண்டு போட்டால் கோடு மறையும். அதை டேப் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவையுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் டேப்பும் ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது.

பலர் கேனப்பியை அக்ரிலிக் கிளியர் என்ற நிறமில்லாத பூச்சில் முக்கி எடுப்பார்கள். அமெரிக்காவில் ஃபியூச்சர் என்ற பெயரில் விற்ற தரை பாலிஷ் இதற்குப் பேர்போனது. சின்னக் கீறல்கள் மறையும், பளபளப்பு கூடும். இதில் இரண்டு வலைகள் இருக்கின்றன. ஒன்று, தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று அன்றைக்கே டேப் ஒட்டுவது. டேப்போடு அந்தப் படலமும் உரிந்து வரும். இரண்டு நாள் விட்டுவிடுவது நல்லது. இன்னொன்று அமோனியா. ஃபியூச்சரைக் கழற்ற அமோனியாவைத்தான் பயன்படுத்துவார்கள். டேப்புக்குப் பதிலாகப் பூசி, காய்ந்தபின் உரித்தெடுக்கும் திரவ மாஸ்க்குகள் சிலவற்றிலும், ஹம்பிரோல் மாஸ்கோல் மாதிரி, அமோனியா இருக்கிறது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற வாடையே காட்டிக் கொடுத்துவிடும். அதைக் கொண்டுபோய் ஃபியூச்சர் மேல் பூசினால் பளபளப்பு போய்விடும்.

சரி, இனி டேப் ஒட்டும் விதம். ஒரு பெரிய துண்டை ஒட்டி, பல்குத்தும் குச்சியால் அழுத்தி, தெரியும் சட்டத்தின் ஓரமாக பிளேடை ஓட்டி வெட்டுவது ஒரு முறை. ஜெர்மானிய பிஎஃப் 109-இல் இருப்பது போன்ற தட்டையான கண்ணாடிகளுக்கு அது சரிப்படும். இதையே ஜீரோவின் வளைந்த உச்சியில் செய்தால் டேப் மடிந்துகொண்டே இருக்கும். புத்தகத்துக்கு அட்டை போடலாம், பந்துக்கு அட்டை போட முடியுமா? காகிதம் ஒரு பக்கமாக வளையும், ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வளையாது. அந்த மாதிரி இடங்களில் டேப்பை ஒரு மில்லிமீட்டர் அகல நாடாவாக நறுக்கி, சட்டத்தின் ஓரங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். நடுவில் மிஞ்சும் இடத்தைச் சின்னத் துண்டுகளாலோ திரவ மாஸ்க்காலோ நிரப்பிக்கொள்ளலாம். நேரம் பிடிக்கும். ஒரு ஜீரோவுக்கு எனக்கு இரண்டு மாலைகள் போகும், நடுவில் காபி வேறு. வளைவுகளுக்கென்று வரும் வினைல் டேப் நீளும் என்பதால் ஆசையாக இருக்கும். இழுத்து ஒட்டினால் ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய நீளத்துக்கே சுருங்கி, மூலையைத் திறந்துவிடும்.

பழைய பிளேடு இன்னொரு எதிரி. மழுங்கியிருந்தால் நாம் அழுத்துவோம். அழுத்தினால் டேப்புக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கில் கோடு விழும், அது பெயின்ட் முடிந்து உரித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். கத்தியின் எடையே வெட்டுவதற்குப் போதும். ஒரு கேனப்பிக்கு இரண்டு மூன்று பிளேடு முனைகள் செலவானால் அதை வீண் என்று நான் நினைப்பதில்லை.

திரவ மாஸ்க்கை ஓரம் வரைக்கும் பூசி நிறுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. அது ஓரத்தில் உருண்டு திரளும். காய்ந்தபின் வெட்டப்போனால் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு வரும். நடுவை நிரப்புவதோடு அதை நிறுத்திக்கொள்ளலாம். செக் நாட்டு எடுவார்ட் விற்கும் வெட்டிய மாஸ்க்குகளிலும், பெரிய வளைந்த கண்ணாடிகளுக்கு ஓர நாடாக்களை மட்டும் கொடுத்துவிட்டு நடுவைத் திரவத்தால் நிரப்பச் சொல்வது வழக்கம். இந்த ரெடிமேட் மாஸ்க்குகள் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அளவு ஒன்றுதானே என்று ஒரு நிறுவனத்தின் கிட்டுக்கு (பாகங்களாக வரும் மாடல் பெட்டிக்கு) வெட்டியதை இன்னொரு நிறுவனத்தின் கிட்டில் ஒட்டாதீர்கள். இரண்டு அச்சுகளில் சட்டங்கள் ஒரே இடத்தில் இருக்காது.

வெளிப்பக்கத்தை இவ்வளவு பாடுபட்டு மூடிவிட்டு, உள்பக்கத்தைத் திறந்தே விடுவது அடிக்கடி நடக்கும். பெயின்ட்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷின் தூறல் அடியில் புகுந்து உள்ளே படியும். கேனப்பியைத் தனியாக வைத்து அடித்தால் அடிப்பக்கத்தையும் டேப்பால் அடைத்துவிடுங்கள். உடலோடு ஒட்டிவிட்டு அடிப்பதென்றால் சூப்பர் க்ளூ பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியின் உள்ளே வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும். ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் நிறமில்லாமல் ஆகிவிடும்.

அடுத்தது நிறங்களின் வரிசை. முதலில் விமானி அறையின் உள்நிறம், அதன் மேல்தான் வெளிநிறம். ஏனென்றால் கண்ணாடி வழியாக எதிர்ப்பக்கச் சட்டத்தைப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது நாம் முதலில் அடித்த அடுக்கின் முதுகு. ஜீரோ என்றால் உள்ளறைப் பச்சை, பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் என்றால் சாம்பல் பச்சை, பிற்காலத்து ஜெர்மானியப் போர் விமானம் என்றால் ஆர்எல்எம் 66 என்ற கருஞ்சாம்பல். இதை மறந்து நேராக வெளிநிறத்தை அடித்தால், அறைக்குள்ளே எட்டிப் பார்க்கும்போது பொம்மைக் கடை விமானம் மாதிரி இருக்கும். முதல் அடுக்கை மெல்லிசாகத் தூவினால் இன்னொரு லாபம் உண்டு: டேப் ஓரத்தில் இருக்கும் நுண்ணிய இடைவெளிகளை அதுவே அடைத்துவிடும்.

ஒரே தடவையில் மூடிவிடலாம் என்று ஈரமாக அடிப்பது பெரிய தவறு. ஈரம் டேப்புக்கு அடியில் தானாகவே ஊர்ந்து போகும், ஓரத்தில் கரை கட்டும்; உரிக்கும்போது அந்தக் கரை உடைந்து சில்லு சில்லாக வரும். வீரியமான லாக்கர் தின்னரை இப்படி அள்ளி அடித்தால் பாலிஸ்டைரீனிலேயே நுண்விரிசல் விழலாம். மெல்லிய நான்கு அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில நிமிடம் பொறுமை. ஏர்பிரஷைச் சாய்த்து டேப்பின் ஓரத்துக்கு அடியில் ஊதாதீர்கள், நேர் மேலிருந்து அடியுங்கள்.

உரிப்பதைத் தள்ளிப்போடுவதும் கூடாது. டேப் ஒட்டிய கேனப்பியோடு ஒரு கிட்டை அலமாரியில் வைத்துவிட்டு இன்னொன்றை ஆரம்பிப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். ஒரு கோடைக்காலம் தாண்டினால் பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். பெயின்ட் நன்றாகக் காய்ந்ததும் ஒரு மூலையைப் பல்குத்தும் குச்சியால் கிளப்பி, டேப்பை அதன் மேலேயே மடக்கிப் படுக்கவாட்டில் மெதுவாக இழுங்கள். மேல்நோக்கிப் பிடுங்கினால் சட்டத்தின் பெயின்ட்டும் கூடவே வரும். தங்கிவிட்ட பசையை சிகரெட் லைட்டர் திரவத்தைப் பஞ்சில் தொட்டு எடுக்கலாம். முதலில் ஸ்ப்ரூ துண்டில் சோதித்துப் பார்த்துவிடுங்கள், பெயின்ட் மேல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் வேண்டாம். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். சின்னக் கசிவு என்றால் பல்குத்தும் குச்சியின் முனையை உளி மாதிரி சீவிக்கொண்டு சுரண்டினாலே வந்துவிடும். மரம் பிளாஸ்டிக்கைக் கீறாது.

முதல் முயற்சிக்கு ஜீரோவை எடுக்காமல், குமிழ்க் கேனப்பி உள்ள பி-51டி மஸ்டாங்கை எடுங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்வேன். முன்கண்ணாடியையும் குமிழின் அடிச்சட்டத்தையும் முடித்தால் வேலை தீர்ந்தது. இல்லை, ஜீரோதான் வேண்டும் என்றால், கேனப்பி தனித்தனித் துண்டுகளாக வரும் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஜீரோவின் நடுப்பகுதி பின்பகுதியின் மேல் ஏறித்தான் திறக்கும். திறந்த நிலையில் வைத்தால், ரம்பப் பல் விழுந்த கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓரளவு மறைந்துபோகும். என் முதல் ஜீரோ இன்றைக்கும் அலமாரியில் கேனப்பியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நிற்கிறது.