உடன் ஊழியரோடு கருத்து வேறுபட்டால் முதலில் செய்ய வேண்டியது

பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவில் மோதிக்கொண்டது உபதேசத்தைப் பற்றி அல்ல. பம்பிலியாவில் தங்களை விட்டுத் திரும்பிப்போன மாற்கை அடுத்த பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்பதைப் பற்றியே. அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் அதை மூடி மறைக்காமல், அவர்களுக்குள் கடுங்கோபம் மூண்டது என்றே சொல்லுகிறது. ஆகவே உடன் ஊழியரோடு கருத்து வேறுபடுவதை ஆவிக்குரிய தோல்வி என்று எண்ணி உள்ளுக்குள் அடக்கிவைக்க வேண்டியதில்லை. அடக்கிவைத்த வருத்தம் சில மாதங்களில் பாடகர் குழுவிலோ கமிட்டிக் கூட்டத்திலோ வேறொரு காரணத்தைச் சாக்காக வைத்து வெளியே வந்தே தீரும்.

முதலில் ஒரு தாளை எடுத்து, உங்களுக்கும் அவருக்கும் உள்ள பிரச்சினை என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். உபதேசமா, வேலையைச் செய்யும் முறையா, பணமா, மனம் நொந்ததா என்பது அப்போதுதான் தெளிவாகும். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நான் பொறுப்பாயிருந்த ஓர் ஆண்டில், என்னோடு ஊழியஞ்செய்த தம்பி பிள்ளைகளுக்கான பரிசுப் பொருள்களை என்னைக் கேட்காமலே வாங்கிவிட்டார். "கணக்கு சரியில்லை" என்று பத்து நாள்களாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்த நான் எழுத உட்கார்ந்தபோது, எல்லா ரசீதுகளும் நோட்டில் வரிசையாக ஒட்டப்பட்டிருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கடைசியில் தாளில் நின்ற வாக்கியம், "என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்பதுதான். பணத்தைப் பற்றிய குற்றச்சாட்டாக அதைக் கமிட்டிக்குக் கொண்டுபோயிருந்தால் அந்தத் தம்பியின் பெயரை நானே கெடுத்திருப்பேன்.

அடுத்ததாக, வேறு யாரிடமும் பேசுமுன் அவரிடமே போங்கள். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று மத்தேயு 18:15இல் ஆண்டவர் சொன்ன ஒழுங்கை நாம் அறிந்திருந்தும், ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் பெரும்பாலும் அவரிடம் போகிறோம். அதற்குள் அவர் காதுக்குச் செய்தி எட்டியிருக்கும். அவர் பதில் சொல்லத் தயாராயிருப்பாரே தவிர, கேட்கத் தயாராயிருக்க மாட்டார். பிரசங்கத்தில் ஜாடையாகச் சொல்லுவது இதைவிட மோசமானது, ஏனெனில் பிரசங்க பீடத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பதில் பேச இடமில்லை. வாட்ஸ்அப் குழுவிலும் எழுதாதீர்கள். தொலைபேசியில் அழைத்து, என்ன காரியமாகப் பேச வேண்டும் என்பதையும் சொல்லி, இருவருக்கும் வசதியான நேரத்தைக் கேளுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு முந்தின அரைமணி நேரம் அதற்கு ஏற்றதல்ல.

பேசத் தொடங்கும்போது, நீங்கள் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஒரு சனிக்கிழமை மாலை, பாய்களைச் சுருட்டி வைத்த பிறகு, நான் அப்படித்தான் அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க அம்மாவோட ஆஸ்பத்திரியில இருந்தீங்கண்ணே, அந்த நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார். பத்து நாள் சுமந்த வருத்தத்துக்கு அவரிடம் இருந்த காரணம் அது! அவர் சொன்னதை உங்கள் வார்த்தைகளில் திரும்பச் சொல்லி, "நான் புரிந்துகொண்டது சரிதானா" என்று கேட்ட பிறகே உங்கள் பதிலைச் சொல்லுங்கள். "கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்று தொடங்கி ஒரு நிர்வாக முடிவை நிலைநாட்ட முயல வேண்டாம்; அதன் பிறகு எதிரில் இருப்பவர் பேசினால் கர்த்தரையே எதிர்ப்பதுபோல ஆகிவிடும். மன்னிப்புக் கேட்கும்போது "ஏதாவது தவறியிருந்தால்" என்னாமல், என்ன செய்தீர்கள் என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

போதகருக்கும் அவருக்குக் கீழ் ஊழியஞ்செய்யும் உபதேசியாருக்கும் இடையே வருத்தம் உண்டானால், முதல் அடியை எடுத்துவைக்க வேண்டியவர் போதகரே என்பது என் உறுதியான எண்ணம். சம்பளமும் குடியிருக்கும் வீடும் மற்றவருடைய பரிந்துரையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் மனம்விட்டுப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

இருவரும் பேசியும் தீராவிட்டால் மூன்றாவது ஒருவர் தேவை. பிலிப்பி சபையில் எயோதியாளும் சிந்திகேயாளும் ஏகசிந்தையாயிருக்கும்படி பவுல் இருவருக்கும் தனித்தனியே புத்தி சொல்லி, அவர்களுக்கு உதவும்படி அங்கிருந்த ஓர் உடன் ஊழியரையும் கேட்டுக்கொண்டார். அப்படி வருகிறவர் இருவரில் யாருக்கும் உறவினராகவோ, முடிவினால் பதவி பெறுகிறவராகவோ இருக்கக் கூடாது. ஒத்துக்கொண்ட காரியங்களை அன்றே எழுதி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒழுங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. குழந்தையிடம் பாலியல் தவறு நடந்ததாகத் தெரிந்தால் அது கருத்து வேறுபாடு அல்ல, குற்றம். தனியே பேசி ஒப்புரவாக்க முயலாமல் காவல்துறைக்குத் தெரிவிப்பதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடமையாக்கியிருக்கிறது. காணிக்கைப் பணம் கையாடப்பட்டிருந்தால் கணக்குத் தணிக்கைக்குப் போக வேண்டும்.

சில வேளைகளில் பிரிவதே வழியாகிறது. திருநெல்வேலியில் 1820 முதல் ஊழியஞ்செய்த ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரி ரேனியஸ் ஐயர், உபதேசிமாரை லுத்தரன் முறையில் குருமாராக அபிஷேகம் பண்ண விரும்பியதாலும், ஆங்கிலிக்கன் திருச்சபை ஒழுங்குகளை எழுத்தில் விமர்சித்ததாலும், 1835இல் தாம் சேர்ந்திருந்த ஆங்கிலிக்கன் அமைப்பாகிய சர்ச் மிஷனெரி சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ஊரைவிட்டுப் போன அவர் அந்த ஆண்டே பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தபோது, உபதேசிமாரும் சபைகளும் இரு பக்கமாகப் பிரிந்தார்கள். 1838இல் அவர் காலமான பிறகே அந்தப் பிளவு ஆறத் தொடங்கியது. இரு தரப்பிலும் மனச்சாட்சியோடு நின்றவர்கள் இருந்தார்கள். ஆனால் எந்தப் பக்கம் நிற்பது என்ற பாரம் சாதாரண விசுவாசியின் தலையில் விழுந்ததை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

ஆகவே பிரிய நேர்ந்தால், சபைக்கு வாசிக்கும் அறிக்கையை இருவரும் சேர்ந்து எழுதி, இருவரும் நின்றிருக்க வாசியுங்கள். கணக்குப் புத்தகம், சாவிகள், வியாதியஸ்தரைச் சந்திக்க வேண்டிய பட்டியல், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடு ஆகியவற்றைக் கையெழுத்தோடு ஒப்படையுங்கள். விலகிப்போனவரைப் பற்றி விசுவாசிகள் கேட்டால் அந்த அறிக்கையில் உள்ளதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். மாற்கை வேண்டாம் என்று சொன்ன பவுல், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதியபோது, மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று கேட்டார். அந்நாள் உங்களுக்கும் வரக்கூடும். அவருடைய தொலைபேசி எண்ணை அழித்துவிடாதீர்கள்.