மரச்சட்ட வீடு: புயலிலும் வெள்ளத்திலும் எங்கே கோட்டை விடுகிறோம்?

ஃப்ளோரிடாவிலோ ஹூஸ்டன் பக்கமோ வீடு வாங்கப்போகும் நம்மவர்கள் பலருக்கு, "இந்தப் பலகை வீடு புயலுக்குத் தாங்குமா?" என்ற சந்தேகம் வரும். மரம் தாங்கும். பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது மரமும் மரமும் சேரும் இணைப்பு. 1992 ஆகஸ்ட் 24-ல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவைப் புரட்டியபோது, கூரைப் பலகையில் அறைந்த ஸ்டேப்பிள்கள் அடியிலிருந்த ட்ரஸ்ஸில் (கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டத்தில்) படாமல் பக்கத்தில் இறங்கியிருந்த வீடுகள் ஏராளம். மாநிலம் முழுமைக்குமான கட்டட விதிகள் 2002 மார்ச்சில் அமலுக்கு வந்ததற்கு அந்தப் புயல்தான் காரணம்.

கூரையைச் சாய்ந்த ஆணியை நம்பி விடுவது

காற்று கூரையை அமுக்குவதைவிடத் தூக்குவதே அதிகம். வேகம் மணிக்கு 100 மைலிலிருந்து 150 மைலானால் விசை இரண்டேகால் மடங்காகும். ஒரு கணக்குப் போடுவோம். வீட்டின் அகலம் 30 அடி, இறவாரம் 2 அடி, ட்ரஸ் 2 அடிக்கு ஒன்று. அப்படியானால் ட்ரஸ்ஸின் ஒவ்வொரு முனைக்கும் 34 சதுர அடி கூரை சேரும். சதுர அடிக்கு 30 பவுண்டு தூக்கினாலே ஒரு முனையில் 1,000 பவுண்டுக்கு மேல் இழுவை. பழைய முறையில் சாய்த்து அறைந்த மூன்று ஆணிகள் சில நூறு பவுண்டிலேயே பிடுங்கிக்கொண்டு வரும்.

அதற்குத்தான் ஸ்ட்ராப் எனும் உலோகப் பட்டை. அதைப் போட்ட வீடுகளிலும் தவறு நடக்கிறது. சுவரின் உச்சியில் இரண்டு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஸ்ட்ராப் மேல் சட்டத்தை மட்டும் பிடித்தால், கூரை அந்தச் சட்டத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும். ட்ரஸ், மேல் சட்டங்கள், சுவரில் செங்குத்தாக நிற்கும் நிலைச் சட்டம், அடிச் சட்டம், அஸ்திவார போல்ட் என ஒன்றை ஒன்று விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஸ்ட்ராப்பில் தயாரிப்பாளர் சொன்ன துளைகள் எல்லாவற்றிலும், சொன்ன அளவு ஆணியே இறங்க வேண்டும். பாதித் துளையை விட்டுவிட்டு முழு பலத்தை எதிர்பார்க்க முடியாது. உளுத்துப்போகாமலிருக்க மருந்தேற்றிய மரத்திலுள்ள செம்பு சாதாரண இரும்பை அரிக்கும் என்பதால் அங்கே ஹாட்-டிப் கால்வனைஸ்டு (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த) ஆணி வேண்டும். கடலோரமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

கூரைப் பலகைக்கு 2½ அங்குல, உடலில் வளையவரி உள்ள ஆணியை 6 அங்குல இடைவெளியில் அறைவது நல்லது. ஆணித் துப்பாக்கியில் காற்றழுத்தம் கூடினால் ஆணித் தலை பலகைக்குள் புதைந்துவிடும். வெளியிலிருந்து பார்க்கச் சுத்தமாக இருக்கும், பிடிமானம் போயிருக்கும். கூரைக்கடியிலுள்ள அட்டிக்கில் ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள். ட்ரஸ்ஸில் படாமல் இறங்கிய ஆணிகள் அதன் பக்கத்தில் வரிசையாகப் பளபளக்கும். ஏறியதுதான் ஏறினீர்கள், முனையிலுள்ள முக்கோணச் சுவருக்கு உள்பக்கம் குறுக்குத் தாங்கல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஜன்னலைத் திறந்து வைப்பது

"அழுத்தம் சமமாகும்" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். நேர்மாறானது. காற்று உள்ளே புகுந்தால் மேலிருந்து இழுப்பதோடு கீழிருந்து தள்ளவும் செய்யும். கட்டடப் பொறியாளர் கணக்கில் உள்ளழுத்தக் கெழு (உள்ளிருந்து காற்று எவ்வளவு தள்ளும் என்று காட்டும் எண்) மூடிய வீட்டுக்கு 0.18, ஒரு பக்கம் பெரிதாகத் திறந்துகொண்டால் 0.55. அதனால் முதலில் கவனிக்க வேண்டியது கராஜ் கதவு. இருப்பதிலேயே அகலமான வாசல் அதுதான், பலவீனமானதும் அதுதான். கண்ணாடியில் டேப் ஒட்டுவது வீண்வேலை, ஷட்டர் போடுங்கள்.

தண்ணீரை வெளியிலேயே நிறுத்தப் பார்ப்பது

குட்டைத் தூண்கள்மேல் நிற்கும் மரவீட்டைச் சுற்றி பிளாஸ்டிக் விரித்து மணல் மூட்டை அடுக்குவது சமயத்தில் ஆபத்தாகவே முடியும். ஒரு அடி நீர் சதுர அடிக்கு 62.4 பவுண்டு அழுத்தும். தரைப்பலகைக்கு மேல் இரண்டு அடி உயரம் வரை தண்ணீரை வெளியே நிறுத்தினால், அடியிலிருந்து ஏறக்குறைய 125 பவுண்டு தூக்கும். ஒரே தளமுள்ள மரவீடுகள் பெரும்பாலும் சதுர அடிக்கு அவ்வளவு எடை இருப்பதில்லை, அதனால் படகைப் போல மிதந்துவிடும். 2005-ல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸின் லோயர் நைன்த் வார்டில் வெள்ளத் தடுப்புச் சுவர் உடைந்து, வீடுகள் தூணை விட்டுப் பெயர்ந்துபோயின.

தரைமட்டத்தை வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்த்துவதுதான் சரியான வழி. கீழே அடைத்த இடம் இருந்தால் தண்ணீர் தானே புகுந்து வெளியேற வழி விட வேண்டும். அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டு விதிப்படி, அடைத்த இடத்தின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு சதுர அங்குலம் திறப்பு, குறைந்தது இரண்டு திறப்புகள், அவற்றின் அடிவிளிம்பு நிலத்திலிருந்து ஒரு அடிக்குள். 1,000 சதுர அடி என்றால் 1,000 சதுர அங்குலம். குளிருக்குப் பயந்து அதன்மேல் பலகை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அலையடிக்கும் கடலோர மண்டலத்தில் கீழ்ச்சுவர் உடைந்து விலகும்படியே கட்டப்படும். அதற்குள் மின்கம்பியையும் குழாயையும் ஓட்டினால், சுவர் போகும்போது அவையும் போகும்.

ஈரம் காயும் முன் சுவரை மூடுவது

வெள்ளம் வடிந்ததும் அவசரம் கூடாது. நனைந்த ஜிப்சம் பலகையைத் தண்ணீர்க் கோட்டுக்கு மேலும் ஒரு அடியாவது சேர்த்து வெட்டி எடுங்கள், ஈரம் மேலே ஏறியிருக்கும். உள்ளேயிருக்கும் கண்ணாடியிழைப் பஞ்சையும் தூக்கிப்போடுங்கள். மேல்தொலி காய்ந்திருப்பது கணக்கில்லை. ஊசி வைத்த ஈரமானியைச் சட்டத்தில் குத்தி, குறிப்பாக அடிச் சட்டத்தில், 15–16 சதவீதத்துக்குக் கீழே வந்தபிறகே மூடுங்கள். பிளீச்சிங் தெளித்துவிட்டு மூடினால் பூஞ்சை உள்ளே வளரும்.

பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உள்ளூர் அனுமதி அலுவலகத்தில் ஒன்று கேளுங்கள். வெள்ள மண்டலத்தில், வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு அதன் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால், மொத்த வீட்டையும் இன்றைய வெள்ள விதிப்படி உயர்த்த வேண்டிவரும்.