இறுக்கமான பாறையில் தண்ணீர் செலுத்தும் முன்

எண்ணெயை உற்பத்திக் கிணற்றுப் பக்கம் தள்ளுவதற்காகத் தண்ணீர் செலுத்துகிறோம். ஊடுருவுதிறன், அதாவது திரவத்தைக் கடத்தும் திறன், சில மில்லிடார்சிதான் (அதை அளக்கும் அலகு) இருக்கும் பாறையில் தண்ணீர் ஏறவில்லை என்றால் கை தானாகவே பம்பு அழுத்தத்தைக் கூட்டத்தான் போகும். அளவு மீறினால் பாறையில் விரிசல் விழும், அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் நேராக உற்பத்திக் கிணற்றுக்கே ஓடிவிடும், எண்ணெய் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

அதனால் முதல் வேலை திசை. விரிசல் பெரும்பாலும் அதிகபட்சக் கிடைத் தகைவின் (பாறையைப் பக்கவாட்டில் நெருக்கும் அழுத்தத்தின்) திசையில்தான் ஓடும். செலுத்தும் கிணறுகளை அந்தத் திசையிலேயே ஒரு வரிசையாகவும், உற்பத்திக் கிணறுகளை அதற்கு இணையாகத் தள்ளி இன்னொரு வரிசையாகவும் வையுங்கள். கிணற்றுச் சுவர் பெயர்ந்த இடங்களை வைத்துத் திசை பார்ப்பவர்கள் கவனிக்கவும்: செங்குத்துக் கிணற்றில் அவை குறைந்தபட்சத் தகைவின் பக்கம் காட்டும். இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டால் மொத்தத் திட்டமும் 90 டிகிரி திரும்பிவிடும்.

அப்புறம் அழுத்த வரம்பு. செலுத்தும் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியையும் ஒரே அளவு நேரம் வைத்து, வேகத்துக்கு எதிராக அழுத்தத்தை வரையுங்கள். கோடு எங்கே சாய்வு குறைகிறதோ அங்கே பாறையில் விரிசல் விழுகிறது, அதற்குக் கொஞ்சம் கீழேயே நில்லுங்கள். குளிர்ந்த தண்ணீர் போகப்போகப் பாறை சுருங்கி இந்த வரம்பும் இறங்கும் என்பதால் சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்? தினம் 100 பீப்பாய் எண்ணெய், கனஅளவுக் காரணி (மேலே ஒரு பீப்பாயாக வரும் எண்ணெய் கீழே பிடித்திருந்த இடம்) 1.3, கூடவே 20 பீப்பாய் தண்ணீர் என்றால் கீழே காலியாவது சுமார் 150 பீப்பாய், தனி வாயு வராதவரை அதுதான் ஈடு. பாறைக்குள் அழுத்தம் குமிழி அழுத்தத்துக்குக் (எண்ணெயில் கரைந்த வாயு பிரியத் தொடங்கும் அழுத்தத்துக்குக்) கீழே விழும் முன்பே தொடங்கிவிடுங்கள். அதோடு, அழுத்தம் இறங்கி ஒருமுறை நெரிந்த நுண்துளைகள் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பழையபடி முழுதாகத் திறப்பதில்லை.

பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் தண்ணீரின் சுத்தம். துளைக் கழுத்தின் (நுண்துளைகளை இணைக்கும் குறுகிய வழியின்) விட்டத்தில் ஏழில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை உள்ள துகள்தான் உள்ளே நுழைந்து அடைக்கும் என்பது பழைய கணக்கு. கழுத்து 3 மைக்ரான் என்றால் அரை மைக்ரான் தூசியே போதும். வீங்கும் களிமண் இருந்தால் உப்புக் குறைந்த தண்ணீர் ஆபத்து. கடல்நீரின் சல்பேட் பாறைநீரின் பேரியத்தோடு சேர்ந்தால் படியும் பேரியம் சல்பேட்டைக் கரைப்பது பெரும்பாடு. பாறை மாதிரியில் அதே தண்ணீரை ஓட்டிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இயற்கை விரிசல் நிறைய இருந்தால் விடாமல் செலுத்துவதைவிட, கொஞ்ச நாள் செலுத்தி, நிறுத்தி, பாறை தண்ணீரை உறிஞ்சி எண்ணெயை வெளியே விட நேரம் கொடுக்கலாம். டெக்சாஸின் ஸ்ப்ராபெரி எண்ணெய் வயலில் இப்படி முயன்றார்கள். பாறை தண்ணீரை விரும்பும் வகையாக இருந்தால்தான் இது பலிக்கும்.